துப்பாக்கி இல்லை, தோல்வி இல்லை... காட்டைக் காப்பாற்றும் குட்டி கேம்!

வத்தலக்குண்டில் கொடைக்கானல் பஸ் ஏறி ஜன்னல் சீட் பிடித்தாச்சு. மலையேறி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பஸ்ஸில் போக, வர ஆகும் நேரத்துக்குள் முடித்துவிடக்கூடிய வீடியோ கேம்தான் ‘ஆல்பா: எ வைல்ட்லைஃப் அட்வென்ச்சர்’. லண்டனின் அஸ்டூ கேம்ஸ் 2020 டிசம்பரில் வெளியிட்டது.

கதை என்ன?

தாத்தா, பாட்டி வீட்டுக்கு லீவில் வரும் சிறுமி ஆல்பா. அந்தத் தீவின் சரணாலயத்தை அழித்து சொகுசு ஹோட்டல் கட்டத் திட்டமிடுகிறார் மேயர். அதைத் தடுக்க 50 பேரின் கையெழுத்து வேண்டும்.

யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. குப்பை பொறுக்கலாம், உடைந்த பறவைக் கூட்டைச் சரிசெய்யலாம். செல்போனில் படமெடுத்து 60-க்கும் மேற்பட்ட உயிரினங்களை அடையாளம் காணலாம். வேலையைப் பார்த்த பிறகுதான் ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். கேம் சொல்லவருவதும் அதுதான். சமூக அக்கறைக்காக 2021-ல் ஆப்பிள் டிசைன் விருதும் வாங்கியது.

நிஜத்தில் நடக்குமா?

நம்ம திண்டுக்கல் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கு. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை ‘கடவூர் தேவாங்கு சரணாலயம்’ என 2022 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென நாட்டிலேயே முதல் சரணாலயம் இது. பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்துத் தின்பதால், தேவாங்கு விவசாயிக்கும் நண்பன். ஆனால் மூடநம்பிக்கையால் அதைப் பிடிப்பவர்களும் உண்டு. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது சிறைக்குரிய குற்றம்.

கேம் சொல்லாத பாடம்

ஆல்பா எதைப் படமெடுத்தாலும் கேமில் பாதிப்பு இல்லை. நிஜத்தில் அப்படியில்லை. தேவாங்கு இரவில் நடமாடுவது. அதன் பெரிய கண்ணில் ஃப்ளாஷ் அடித்தால் மிரண்டுபோகும். பார்த்த இடத்தை லொக்கேஷனோடு இன்ஸ்டாவில் போட்டால், பிடிக்க வருபவருக்கு நாமே வழிகாட்டியது போலாகிவிடும். வனத்துறைக்கு மட்டும் சொல்வதே நல்லது.

நாம் எங்கே தொடங்கலாம்?

பறவைகளிடமிருந்து தொடங்கலாம். பொங்கல் நாள்களில் தமிழகம் முழுக்க ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடக்கிறது. மொட்டைமாடியோ, கண்மாய்க்கரையோ, குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த, கேட்ட பறவைகளை இ-பேர்ட் ஆப்பில் பதிய வேண்டும். காக்கா, மைனாவும் கணக்கில் உண்டு. எந்தப் பறவை குறைகிறது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிக்க இந்தப் பட்டியல்கள்தான் உதவுகின்றன.

கேம் மூன்று, நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்தக் கணக்கெடுப்பு வருஷா வருஷம் தொடரும்.