புயலடித்த ஊருக்கு எதை அனுப்பலாம்?



பக்கத்து மாவட்டத்தில் புயல், வெள்ளம் என்றால் நம் ஊரில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. அன்றைக்கே அரிசியும் துணியும் திரட்டி லாரி ஏற்றிவிடுகிறோம். நல்ல மனசுதான். ஆனால் உதவியும் உரம் போடுவது மாதிரிதான். காலமும் அளவும் தவறினால் பலன் கிடைக்காது.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது நாகப்பட்டினத்துக்குப் பழைய துணி மலைமலையாய் வந்து சேர்ந்தது. எடுப்பாரில்லாமல் சாலையோரம் கிடந்தது. அதை அப்புறப்படுத்துவதே தனி வேலையாகிவிட்டது. ஆகவே, முதலில் அந்த ஊர்க்காரரைக் கேளுங்கள், பிறகு அனுப்புங்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. மின்கம்பங்களும் விழுந்ததால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. இப்படிப்பட்ட முதல் வாரத்தில் பத்து மூட்டை அரிசியைவிட ஒரு ஜெனரேட்டர் பெரிது. தார்ப்பாய், கொசுவர்த்தி, மாட்டுக்கு வைக்கோல் இவையும் உதவும். லாரியை மெயின் ரோட்டிலேயே காலி செய்துவிடாதீர்கள். உள்ளே தள்ளியிருக்கிற குக்கிராமத்துக்கும் போகட்டும்.

அடுத்த தேவை, மரம் அறுக்கும் இயந்திரமும் நாலு ஆளும். விழுந்த தென்னை தோப்பிலேயே கிடந்து மக்கினால் அதில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். தப்பிய மரத்தையும், புதிதாய் வைக்கிற கன்றையும் அது குடைந்துவிடும். மரத்தை அறுத்து அகற்றிக் கொடுப்பது, வருகிற சேதத்தைத் தடுக்கிற உதவி.

மூன்றாவது, லாரிகள் நின்றுபோன பிறகு வருகிற கஷ்டம். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகுமே, அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி? நல்ல தென்னங்கன்றோடு, ஊடுபயிராகப் போட உளுந்து, நிலக்கடலை விதையும் கொடுங்கள். மண்ணுக்கு ஏற்ற ரகம் எது என்று அங்குள்ள வேளாண்மை அலுவலரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தோப்புக்காரருக்கு மரக்கணக்குப் பார்த்து நிவாரணம் வரும். மரம் ஏறிப் பிழைத்தவருக்கும், கீற்று முடைந்து வயிறு கழுவிய பெண்களுக்கும் கணக்குக் காட்ட ஒரு மரமும் இல்லை. சாய்ந்த மரத்தோடு அவர்கள் பிழைப்பும் சாய்ந்தது. தோப்பைச் சுத்தம் செய்யும் வேலையை அவர்களுக்கே கொடுத்து, அந்தக் கூலிக்கு உங்கள் பணத்தை அனுப்புங்கள். தோப்பும் சீராகும், அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியும்.

ஆகவே, திரட்டிய பணத்தை முதல் வாரத்திலேயே செலவழித்துவிடாமல், பாதியையாவது ஆறு மாதம் கழித்துக் கொடுக்க எடுத்து வையுங்கள்.