கைநாட்டும் கையெழுத்தும்: முதியோர் கல்வி பற்றிச் சில கருத்துகள்

‘கைநாட்டு’ என்னும் சொல்லுக்குத் தோட்ட மக்களின் பேச்சில் இரண்டு பொருள் உண்டு. பெருவிரலில் மை தடவித் தாளில் பதிக்கும் அடையாளம் என்பது ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பது மற்றொன்று. சம்பள நாளன்று தோட்ட அலுவலகத்தின் முன் வரிசையில் நின்று, கிராணியார் காட்டிய இடத்தில் பெருவிரலை வைத்துப் பணம் வாங்கிச் சென்ற தலைமுறை ஒன்று இருந்தது. அத்தலைமுறையின் மக்கள் பலர் இன்று எழுபதையும் எண்பதையும் எட்டியுள்ளனர். அவர்களுள் கைநாட்டு வைப்போர் இன்னும் உளர்.

மலேசியாவில் 2001ஆம் ஆண்டு ‘மைகாட்’ அடையாள அட்டை வந்தபின் பெருவிரலுக்குப் புதியதொரு மதிப்பு ஏற்பட்டுவிட்டது. அவ்வட்டையிலுள்ள சில்லில் உரியவரின் பெருவிரல் ரேகை பதிந்திருக்கிறது. அலுவலகங்களில் பட்டம் பெற்றவரும் பெருவிரலை வைக்கிறார். பள்ளிக்கூடத்தையே காணாதவரும் பெருவிரலை வைக்கிறார். அவ்வாறாயின் கைநாட்டுக்கும் கையெழுத்துக்கும் இருந்த வேறுபாடு ஒழிந்துவிட்டதா? இல்லை. அவ்வேறுபாடு என்றுமே விரலில் இருந்ததில்லை. விரல் தாளைத் தொடுமுன் கண் செய்யும் வேலையில்தான் அஃது இருக்கிறது. படித்துப் பார்த்து விரல் வைப்பவர் உடன்பாடு தெரிவிக்கிறார். படிக்க இயலாமல் வைப்பவர் எதிரில் இருப்பவரை நம்புகிறார். முதியோர் கல்வியின் தேவை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

பிறர் கண்ணால் படித்த காலம்

கிம்மாசிலிருந்து ஜொகூர் பாருவரை இரயில்பாதை 1909இல் நிறைவுற்றது. அதன் இருமருங்கிலும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் எனத் தொடரும் ஊர்களைச் சூழ்ந்து இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் வழியாகத் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அத்தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறைகள் வாழ்ந்தன. தோட்டந்தோறும் சிறியதொரு தமிழ்ப்பள்ளி இருந்தது. ஆயினும் பலருடைய படிப்பு ஆறாம் வகுப்புக்கு மேல் சென்றதில்லை. பெண்மக்களுள் பலருக்கு அதுவும் வாய்க்கவில்லை. தாய் விடியற்காலையில் பிரட்டுக்களம் சென்று, அங்கிருந்து மரம் வெட்டப் போய்விட்டால், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பெண்ணின் தலையில் விழுந்தது.

அக்காலத்தில் படிப்பின்மை ஒரு பெருங்குறையாகத் தோன்றவில்லை. காரணம், தோட்டத்தில் படிப்பதற்கென்றே சிலர் இருந்தனர். ஊரிலிருந்து வரும் கடிதத்தைத் தமிழாசிரியர் படித்துக் காட்டுவார். மறுமொழியும் அவரே எழுதுவார். சம்பளக் கணக்கைக் கிராணியார் சொல்வார். மருந்து எத்தனை வேளை என்பதைத் தோட்ட மருத்துவமனையின் டிரெசர் சொல்வார். மக்கள் பிறர் கண்ணால் படித்தனர். படித்துச் சொன்னவர் நல்லவராக இருந்தவரையில் காரியம் நடந்தது. அல்லாதபோது ஏமாந்ததும் உண்டு.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன; இரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது; நகரை ஒட்டிய நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சென்றனர். அங்கே கிராணியாரும் இல்லை, ஆசிரியரும் அடுத்த வீட்டில் இல்லை. பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின், பகல் முழுவதும் முதியவர் தனியே இருக்கிறார். அஞ்சலில் வரும் அறிவிப்பும், சேமநிதி வாரியத்தின் கணக்குத்தாளும், அரசாங்க மருந்தகம் தரும் உறையும் அவர் கையில் எழுத்தாகவே தங்கிவிடுகின்றன. 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றுப் பரவியபோது ‘மைசெஜாத்ரா’ என்னும் கைத்தொலைபேசிச் செயலி வந்தது. கடைக்குள் நுழைவதற்கும், அடுத்த ஆண்டு தடுப்பூசிக்குப் பதிந்துகொள்வதற்கும் அது பயன்பட்டது. அதனை இயக்கத் தெரியாத முதியோர் பலர் பிள்ளைகளையும் அண்டை வீட்டாரையும் எதிர்பார்த்து நிற்க நேர்ந்தது. பிறர் கண்ணால் படித்த காலம் முடிந்துவிட்டது என்பதை அத்தொற்று உணர்த்திற்று.

ஐம்பதில் வளையுமா?

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது நம்மவர் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. ஒழுக்கப் பழக்கத்தைப் பற்றி அது சரியாக இருக்கலாம். கற்கும் ஆற்றலைப் பற்றியதாயின் ஆராய்ச்சி வேறு முடிவைத் தருகிறது. அமெரிக்க உளநூல் அறிஞர் தார்ன்டைக் 1928இல் வயது வந்தோர் கற்றலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கற்கும் ஆற்றல் இருபதுகளில் உச்சம் அடைந்து, அதன்பின் மெல்ல மெல்லவே குறைகிறது என்றும், வயதைக் காரணம் காட்டிக் கல்வியைக் கைவிட வேண்டியதில்லை என்றும் அவர் எடுத்துக் காட்டினார். பின்வந்த அறிஞர்கள் இதனை மேலும் பகுத்துரைத்தனர். புதியதை விரைந்து பற்றும் வேகம் வயதோடு குறைகிறது. சொல்வளமும் உலகியலறிவும் நெடுங்காலம் குறையாமல் நிற்கின்றன. ஆதலால் முதியவர் மெதுவாகக் கற்பார். ஆனால் ஏற்கெனவே அறிந்ததோடு பொருத்திக் காட்டினால் உறுதியாகக் கற்பார்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மாள் 2018இல், தம் 96ஆம் வயதில், அம்மாநில எழுத்தறிவுத் தேர்வை எழுதி, நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்று முதலிடம் அடைந்தார். 2020இல் இந்தியக் குடியரசுத் தலைவர் அவருக்கு விருதளித்துச் சிறப்பித்தார். 2023இல், 101 வயதில் அவர் மறைந்தார். தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கமும் நினைவுகூரத் தக்கது. கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலை செய்யும் பெண்களும் தொண்டர்களிடம் மாலை வேளைகளில் எழுத்தறிந்தனர். பல்லாயிரம் பெண்கள் அவ்வியக்கத்தின் வழியாக மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். எழுத்து அவர்களுக்குத் தனித்து வரவில்லை. தாமே ஓரிடம் சென்று வரும் உரிமையோடு சேர்ந்து வந்தது.

உடல்நலத்தின் பொருட்டும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மறதிநோய்க்குத் துணைசெய்யும், மாற்றத்தக்க 14 காரணங்களைக் குறிப்பிடுகிறது. இளமையில் கல்வியின்மை, கவனிக்கப்படாத காதுக்குறை, கண்குறை, தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். எழுத்து வகுப்பு மறதிநோய்க்கு மருந்து என்று கூறுவது மிகையாகும். எனினும் வாரம் இருமுறை வீட்டைவிட்டு வெளியே வந்து, பத்துப் பேரோடு அமர்ந்து, பேசிச் சிரித்து, கண்ணையும் மனத்தையும் ஒருங்கே செலுத்துவது எந்த முதியவருக்கும் நன்மையே செய்யும்.

நாட்டில் உள்ள வாய்ப்புகள்

மலாயாவில் வயது வந்தோர் கல்வி புதியதன்று. 1961இல் அரசாங்கம் நாட்டுப்புற வளர்ச்சித் திட்டத்தின் ஒரு பகுதியாக வயது வந்தோர் வகுப்புகளைப் பெருமளவில் தொடங்கியது. ஆனால் அவை பெரும்பாலும் கிராமங்களை நோக்கியவை. தோட்டமோ தனியார் நிலம். அரசின் திட்டங்கள் அதன் எல்லைவரை வந்து நின்றன.

மேலைநாட்டில் 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் ‘மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்’ என்னும் இயக்கம் தோன்றியது. படிக்கும் பருவம், உழைக்கும் பருவம் ஆகியவற்றை அடுத்து வரும் ஓய்வுப் பருவத்தினர்க்கான கல்வி அது. நுழைவுத் தகுதியும் தேர்வும் இல்லாத அவ்வகுப்புகள் உலகெங்கும் பரவின. மலேசியாவில் புத்ரா பல்கலைக்கழகத்தின் முதுமையியல் கழகம் அம்முறையைக் கொணர்ந்தது. 2011இல் அரசாங்கம் வாழ்நாள் கல்விக்கென ஒரு பெருந்திட்டம் வகுத்தது. 2001 முதல் அமைக்கப்பட்டுவரும் சமூகக் கல்லூரிகள் குறுங்கால வகுப்புகளை நடத்துகின்றன. ஜொகூரில் லேடாங், சிகாமட், பாசிர் கூடாங் முதலிய இடங்களில் அத்தகைய கல்லூரிகள் உள்ளன. சமூகநலத் துறையின் ஆதரவில் இயங்கும் ‘பாவே’ எனப்படும் மூத்தோர் நடவடிக்கை நிலையங்களும் உண்டு. அங்கே 60 வயது நிறைந்தோர் கூடி உடற்பயிற்சியும் கைத்தொழிலும் பயில்கின்றனர்.

இவையெல்லாம் போற்றத்தக்கவை. ஆயினும் ஓர் இடைவெளி தெரிகிறது. இத்தகைய வகுப்புகளுட் பல, வருபவருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று கொண்டே தொடங்குகின்றன. ஓய்வு பெற்ற ஆசிரியரும் எழுத்தரும் அவற்றால் பயன்பெறுவர். மரம் வெட்டி ஓய்ந்த மூதாட்டிக்கு அவ்வாசலின் பெயர்ப்பலகையே படிக்க இயலாத ஒன்று. அவருக்கான முதற்படியை அவருடைய சமூகமே, அவர் மொழியிலேயே, அவர் நடந்து செல்லும் தொலைவிலேயே அமைத்துத் தரவேண்டும். ஜொகூர் மாநிலத்தில் ஏறக்குறைய 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. கோயில் மண்டபங்களோ எண்ணற்றவை. இடத்திற்குக் குறைவில்லை.

கற்பிக்கும் முறை

முதலாவது, கண்ணாடி. நாற்பது வயதுக்குமேல் அருகிலுள்ள எழுத்து மங்கலாகத் தோன்றுவது இயற்கை. எழுத்து மனத்தில் நிற்கவில்லை என்று வருந்தும் முதியவர் பலருக்கு உண்மையில் எழுத்து கண்ணில் தெளிவாக விழுவதே இல்லை. ஆகவே வகுப்பின் முதல் நாளில் பாடம் வேண்டா. கண் பரிசோதனை வேண்டும்.

இரண்டாவது, எழுத்தின் வரிசை. அரிச்சுவடி முறையில் ‘அ’ முதல் தொடங்கினால், வளைவு மிகுந்த அவ்வெழுத்தே முதியவரின் கையைச் சோர்வுறச் செய்யும். நெடுங்கணக்கு முடிந்து ஒரு சொல்லைப் படிப்பதற்குள் பல வாரம் கழிந்துவிடும். மாறாக எளிய வடிவமுடைய ட, ப, ம, ர, ல என்னும் ஐந்து எழுத்துகளையும், மெய்யின் புள்ளியையும், துணைக்காலையும் கற்பித்தால் போதும். படம், மரம், பல், பலம், பட்டம், பால், பாடம், பாரம், பாலம் எனப் பல சொற்கள் உடனே பிறக்கும். முப்பது ஆண்டுகள் பாலையும் மரத்தையும் பாரத்தையும் சுமந்தவர், அச்சொற்களைத் தாளில் காணும்போது பழகியவரைக் கண்டதுபோல் மகிழ்வார். அவர் கை எழுதுகோலுக்குப் புதிதாக இருக்கலாம், நுட்பத்திற்குப் புதிதன்று. உள்மரம் காயப்படாமல் பட்டையை மெல்லிய சீவலாக வெட்டிய கை அது.

மூன்றாவது, நாட்டின் மொழி. தோட்டத்து முதியோர் பலர் மலாய்மொழியைச் சந்தையிலும் கடையிலும் பேசிப் பேசி அறிந்தவர்கள். அவர்கள் அறியாதது ரூமி எழுத்து ஒன்றே. அது 26 எழுத்துகளே உடையது. பெரும்பாலும் எழுதியவாறே ஒலிப்பது. மருந்துறையில் உள்ள ‘செபெலும் மாக்கான்’ என்பது உணவுக்கு முன் என்றும், ‘செலெபாஸ் மாக்கான்’ என்பது உணவுக்குப் பின் என்றும் அவர்கள் செவிக்குத் தெரியும். செவியறிந்த சொல்லைக் கண்ணுக்குக் காட்டுவதே ஆசிரியரின் வேலை. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் நாள்தோறும் மருந்து உண்போர்க்கு இவ்விரு தொடர்களும் ஒரு முழுப் பாடநூலுக்கு ஈடாகும்.

நான்காவது, கைத்தொலைபேசி. அழைப்பதும் படம் பார்ப்பதும் பேரப்பிள்ளைகள் சொல்லித் தந்துவிடுவர். வகுப்பில் கற்பிக்க வேண்டியது தற்காப்பு. வங்கி அனுப்பும் ஆறிலக்க எண்ணை எவர் கேட்டாலும் சொல்லலாகாது. காவல்துறை எனக் கூறித் தொலைபேசியில் பணம் கேட்பவர் காவல்துறையினர் அல்லர். பணம் பறிபோனால் உடனே 997 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். 2022இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. சேமநிதியில் உழைத்துச் சேர்த்தது ஒரே அழைப்பில் போய்விடும் காலத்தில், இப்பாடம் எழுத்தறிவுக்குச் சற்றும் தாழ்ந்ததன்று.

ஐந்தாவது, மதிப்பு. முதியவரைச் சிறுவர் பெஞ்சில் அமர்த்துவதும், பிழை கண்டால் எல்லோர்முன்னும் திருத்துவதும், வராத நாளுக்குக் காரணம் கேட்பதும் கூடா. மாலையில் இருட்டும் மழையும் அவர்களைத் தடுக்கும். முற்பகல் பத்து மணி ஏற்ற நேரம். ஒரு மணி நேரத்தில் அரைமணி அவர்கள் கற்கட்டும்; மீதி நேரத்தில் அவர்கள் கற்பிக்கட்டும். தாலாட்டும் ஒப்பாரியும், பச்சிலை மருத்துவமும், தோட்டத்தின் வரலாறும் எழுதப்படாமல் அவர்களிடமே தங்கியுள்ளன. இளைஞர் ஒருவர் அவற்றைக் கேட்டு எழுதி, அவர்களுக்கே படித்துக் காட்டினால், தம் சொல் எழுத்தாவதை அவர்கள் காண்பர். கற்பதற்கு அதைவிடச் சிறந்த தூண்டுதல் இல்லை.

முடிவாக

வள்ளுவர், கற்றவனுக்கு எந்நாடும் தன் நாடாம் என்று கூறி, சாகுமளவும் ஒருவன் கல்லாதிருப்பது ஏன் என்று வியந்து கேட்கிறார். இளமையில் கல்லாமைக்கு இம்முதியோர் காரணமாகார். அவர்கள் கல்லாமல் உழைத்ததால்தான் அவர்களுடைய பிள்ளைகள் கற்றனர். இன்றும் கல்லாதிருப்பார்களாயின், அதற்கு அப்பிள்ளைகளே விடை கூற வேண்டும்.

பெற்றோர் வெளியூரில் வேலை பார்க்க, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிகளில் உண்டு. அத்தகைய பிள்ளையின் தேர்ச்சி அட்டையில் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டிய கட்டத்தில் நீல நிறப் பெருவிரல் ரேகை ஒன்று காணப்படும். அந்தப் பாட்டி ஒரு நாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பேரனின் மதிப்பெண்களை ஒவ்வொன்றாகப் படித்து, கணக்கில் ஏன் குறைந்தது என்று கேட்டுவிட்டு, அதன்பின் தம் பெயரை எழுதுவாராயின், அவ்வகுப்பு தன் வேலையைச் செய்து முடித்தது என்று கொள்ளலாம்.