இரத்தம் சொல்லும் உறவு

முகச் சாடையைக் கண்டு, "இவன் இன்னார் மகன்" என்று சொல்லிவிடுகிறோம். பிராணி நூல் வல்லாரும் நெடுங்காலம் உருவத்தைப் பார்த்தே தவளைகளுக்கு உறவு வகுத்தார்கள். அந்தச் சாடை ஏமாற்றவும் கூடும் என்பதை இரத்தச் சோதனை வெளியாக்கியது.

இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீருக்கு ஸீரம் என்று பெயர். ஒரு தவளையின் ஸீரத்திலுள்ள ஆல்புமின் என்னும் புரதத்தை முயலுக்கு ஊசி மூலம் செலுத்தினால், முயலின் உடல் அதை அந்நியமெனக் கண்டு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அம்முயலின் ஸீரத்தை வேறொரு தவளையின் ஆல்புமினோடு கலந்து பார்க்க வேண்டும். நெருங்கிய உறவாயின் வினை பலமாக நிகழும். உறவு விலக விலக வினை தளரும். மூதாதையரிடமிருந்து பிரிந்த காலம் நீள நீள, ஆல்புமினும் சிறிது சிறிதாக மாறிவிடுவதே காரணம்.

இவ்வழியைப் பெரிய அளவில் கையாண்டவர் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் நட்டால். பற்பல பிராணிகளின் இரத்தத்தில் சுமார் 16,000 சோதனைகள் செய்து, 1904-ம் வருஷத்தில் நூலாக வெளியிட்டார்.

அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் ரெஜில்லா என்ற மரத்தவளை உண்டு. மெக்ஸிகோ மலைகளில் எக்ஸிமியா என்பது உண்டு. இரண்டுக்கும் சிறிய உடல்; கண்ணை ஊடுருவி ஓடும் கரிய கோடு. ஒரே கூட்டத்தவை என்றே எண்ணியிருந்தார்கள். லிண்டா மாக்ஸன் அம்மையாரும் ஆலன் வில்ஸனும் 1974-ல் ஆல்புமினைச் சோதித்து, ரெஜில்லா அக்கூட்டத்துக்குத் தூரத்து உறவே என்று காட்டினார்கள். பின்னர் அது ஸூடாக்ரிஸ் என்னும் வேறு பேரினத்தில் சேர்க்கப்பட்டது. இன்றைய மரபணு ஆராய்ச்சியும் அதை ஆமோதிக்கிறது.

ஒத்த வாழ்க்கை ஒத்த உருவத்தைத் தந்துவிடக் கூடும்; வம்சத்தின் கணக்கோ இரத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது.