வராது என்பதும் வரும் போலில்லை என்பதும்



"மழை பெய்யாது" என்பது ஒரு கூற்று. "மழை பெய்யும் போலத் தெரியவில்லை" என்பது வேறொரு கூற்று. முன்னது முடிந்த முடிபு. பின்னது, கண்ணுக்குத் தெரிந்த அளவை மட்டும் சொல்லி அமைவது. இவ்வேறுபாட்டைப் பேணும் மொழிகளுள் யப்பானிய மொழியும் ஒன்று.

அம்மொழியில் "ஃபுரனை" என்றால் பெய்யாது என்பது பொருள். வானத்தைப் பார்த்து ஐயுறுபவர் "ஃபுரிஸோ மோ நை" என்பர். "ஃபுரி" என்பது பெய்தலைக் குறிக்கும் வினையடி. "ஸோ" தோற்றத்தைக் குறிக்கும். "மோ" நம் உம்மையைப் போன்றது. "நை" இல்லை என்பதாம். ஆகவே, பெய்யும் தோற்றமும் இல்லை என்பது கருத்து. கண்ணால் அன்றிக் காரணத்தால் மறுப்பவரோ "ஃபுரு ஹஸு க நை" என்பர். அதனை நாம் "பெய்ய நியாயமில்லை" என்கிறோம்.

யப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் உறவுண்டு என வாதிட்டார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அருணாசலம் சண்முகதாசும் அவர்தம் துணைவியார் மனோன்மணி சண்முகதாசும் அவ்வாய்விற் பங்கு கொண்டனர். மொழியியலாளர் பெரும்பாலோர் அக்கொள்கையை ஏற்கவில்லை. இங்கே நாம் கண்ட ஒப்புமையும் உறவுக்குச் சான்றாகாது. ஆயினும், நம் பேச்சை நாமே உற்று நோக்குவதற்கு அது துணைசெய்கிறது.

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடல்வழி ஏறக்குறைய ஒரு மணி நேரம். வாடைக் காலத்து ஒரு காலையில், காய்ச்சற் குழந்தையை ஏந்திய தாயொருத்தி துறையில் நின்று, "வள்ளம் வெளிக்கிடுமோ, அப்பு?" என்று கேட்டதை நான் கண்டேன். முதிய வள்ளக்காரர் கடலைப் பார்த்து, "வெளிக்கிடுற மாதிரித் தெரியேல்லை, பிள்ளை" என்றார். "வெளிக்கிடாது" என்று அவர் சொல்லவில்லை. ஆதலால் அவள் வீடு திரும்பவில்லை, காத்திருந்தாள். நண்பகலிற் காற்றுத் தணிந்தது, வள்ளம் புறப்பட்டது.

இளம் ஆசிரியனாயிருந்த நான், மாணவர் கட்டுரைகளில் "வாற மாதிரித் தெரியேல்லை" என்பதைக் கொச்சையென அடித்து, "வராது" என்று திருத்தி வந்தேன். கொச்சையைக் களைவதாக எண்ணிப் பொருளையும் களைந்துவிட்டேன். "வருமெனத் தோன்றவில்லை" என்றல்லவா எழுதியிருத்தல் வேண்டும்! ஐமிச்சம் என்று தீவார் வழங்கும் ஐயத்துக்கும் இலக்கணத்தில் இடமுண்டு.

அறிந்ததை அறிந்தவாறும், ஐயுற்றதை ஐயுற்றவாறும் சொல்லுதல் வாய்மையின் ஒரு கூறு. பிள்ளைகளின் மொழியைத் திருத்துகையில், அவர்கள் எவ்வளவு உறுதியோடு சொன்னார்கள் என்பதையும் பெற்றோரும் ஆசிரியரும் கருத்திற் கொள்வார்களாக.