சிரங்குதான் என்றார் டாக்டர்!

ஒரு குழந்தையைக் காப்பாற்ற எத்தனை ஆபீஸ் வேண்டும், ஸார்? லண்டனில் நாலு சமூக நல இலாகா, மூணு வீட்டுவசதி இலாகா, ரெண்டு போலீஸ் பிரிவு, ரெண்டு ஆஸ்பத்திரி, ஒரு தொண்டு நிறுவனம்... இத்தனை பேருக்கும் விக்டோரியா கிளிம்பியைத் தெரியும். ஆனாலும் 2000 பிப்ரவரி 25-ம் தேதி, எட்டு வயதில், அவள் செத்துப்போனாள். உடம்பில் 128 காயங்கள்!

ஐவரி கோஸ்ட் நாட்டுச் சிறுமி. 'நல்லா படிக்க வைக்கிறேன்' என்று கூட்டி வந்தவள் சொந்த அத்தைப் பாட்டி. வேறொரு குழந்தையின் பாஸ்போர்ட், தலையில் விக். அதனால் எல்லா ஃபைலிலும் அவள் பெயர் 'அன்னா'. சரியான பெயரே எந்த மேஜைக்கும் போகவில்லை.

1999 ஜூலை 14. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட வீட்டார் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். இளம் டாக்டருக்குச் சந்தேகம். போலீஸும் உடனே பாதுகாப்பு உத்தரவு போட்டது. அதுவரை எல்லாம் ஒழுங்கு! சாயங்காலம் பெரிய டாக்டர் வந்து பார்த்தார். "சிரங்கு" என்றார். அந்த ஒரு வார்த்தை சமூக நல ஆபீஸுக்குப் போய்ச் சேரும்போது 'கவலைப்பட ஒண்ணுமில்லை' என்று ஆகிவிட்டது. மறுநாளே உத்தரவு வாபஸ். குழந்தை பழைய இடத்துக்கே!

சிரங்கு இருந்தால் அடி விழவில்லை என்று அர்த்தமா? "சரி டாக்டர், அந்தத் தழும்புகள்?" என்று எதிர்முனையில் ஒருத்தராவது கேட்டிருக்கலாம். பெரிய டாக்டரை யார் கேட்பது! நம்ம ஆபீஸில் மேனேஜர் போட்ட குறிப்பை எந்த கிளார்க் மறுத்துப் பேசியிருக்கிறார்?

பத்தே நாளில் தலையில் வெந்நீர்க் காயத்தோடு இன்னொரு ஆஸ்பத்திரி. நர்ஸுகள் உடம்பில் இருந்த தடங்களைப் பார்த்தார்கள். அத்தைப் பாட்டி வந்தாலே பிள்ளை நடுங்குவதையும் பார்த்தார்கள். பார்த்ததெல்லாம் நோட்டில் ஏறவில்லை. வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டிய போலீஸ்காரர் போகவில்லை. காரணம்? சிரங்கு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம்!

அத்தைப் பாட்டிக்கும் அவளுடைய ஜோடிக்கும் 2001-ல் ஆயுள் தண்டனை. லார்ட் லேமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003 ஜனவரியில் வந்தது. காப்பாற்ற 12 வாய்ப்புகள் இருந்தன என்று எண்ணிச் சொன்னார். 108 சிபாரிசுகள். 2004-ல் புதுச் சட்டம். டாக்டர், போலீஸ், வாத்தியார், சமூக நல ஊழியர் எல்லோரும் பார்க்கிற மாதிரி, இங்கிலாந்தின் 1 கோடியே 10 லட்சம் குழந்தைகளுக்கும் ஒரே கம்ப்யூட்டர் பதிவேடு போட 22 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்தார்கள். 2010 ஆகஸ்டில் அதையும் இழுத்து மூடினார்கள். கம்ப்யூட்டரா போய் "அந்தத் தழும்பு?" என்று கேட்கும்!

அது தயாராகிக்கொண்டிருந்தபோதே, 2007 ஆகஸ்டில், விக்டோரியா வசித்த அதே ஹாரிங்கே பகுதியில் பீட்டர் என்ற 17 மாதக் குழந்தை இறந்தது. எட்டு மாதத்தில் அதிகாரிகளும் டாக்டர்களும் அவனைச் சந்தித்தது 60 தடவை.