சிவகாசியும் சர்வகலாசாலைப் படிப்பும்

1991-ம் வருஷம் நவம்பர் 22-ந் தேதி, வக்கீல் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைப் பற்றிய கல்வி கட்டாய பாடமாக வேண்டுமென்ற கொள்கையைச் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றது. அதே மேத்தாவின் வேறொரு வழக்கில்தான், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் உழைத்த குழந்தைகளைப் பற்றி 1996 டிசம்பர் 10-ந் தேதி தீர்ப்பு வெளிவந்தது. இவ்விரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்க வேண்டுமென்பதே நாம் இன்று கூற வந்தது.

முதல் தீர்ப்பின் பயனாக, 2004-ல் எல்லாப் பட்ட வகுப்புகளுக்கும் ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. அதன் 50 பாடவேளைகளில் நேரில் சென்று பார்ப்பதற்கு ஒதுக்கியவை 5. அந்த ஐந்தும் ஏட்டளவில் நின்றால் பயன் என்ன? குளத்தைப் பாராமலே குளத்தைப் பற்றி எழுதி மார்க்கு வாங்குவது கல்வியாகுமா?

சிவகாசி மாணாக்கருக்குப் பாடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வாணத்துக்குப் பச்சை ஒளி தருவது பேரியம் நைட்ரேட். பேரியம் உப்புகளைச் சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் விலக்கியது. 2021-ல் அவ்விலக்கை மீண்டும் வற்புறுத்தியது. விலக்கினால் காற்றுக்கு நன்மை. ஆனால் மழை பொய்க்கும் கரிசல் பூமியில் மருந்து அடைத்துப் பிழைப்பவரின் கதி என்ன? 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனரே, அதற்குக் காரணம் ரசாயனமா, கூலி முறையா, சட்டத்தின் தளர்ச்சியா? ரசாயனி ஒருவரால் இதற்கு விடை கூற இயலாது. வைத்தியரும், பொருளாதார நிபுணரும், சட்டம் கற்றோரும் ஒரே வகுப்பில் அமர வேண்டும். பிறகு எல்லோரும் பட்டறை வாயிலுக்குச் சென்று தொழிலாளியின் வாய்மொழியைக் கேட்க வேண்டும்.

நம் ஊர்க் காற்றையும் கிணற்று நீரையும் நாமே அளந்து கணக்கு வைக்காத வரையில், நம்மைப் பற்றிய முடிவுகள் டில்லியிலேயே நடக்கும். அறிவில் அடிமைப்பட்ட ஜனங்களுக்கு அரசியல் சுதந்திரம் அரைச் சுதந்திரமே.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தொழிலை நேரில் கண்டு கற்றுத் திரும்பினார்கள். சிவகாசி பிழைத்தது அப்படிப்பால். அய்ய நாடார் பெயரால் 1963 முதல் அங்கே கல்லூரி நடக்கிறது. விருதுநகர்க் கல்லூரி 1947-லேயே தோன்றியது. அன்று தொழிலைக் கற்கச் சென்ற அதே ஊக்கத்துடன், இன்று அத்தொழிலின் தீங்கை ஆராய நம் வாலிபர்கள் புறப்படட்டும். கல்லூரித் தலைவர்கள் வாயிற்கதவைத் திறந்துவிடுவார்களாக.