கட்டணம் வாங்காத பலகை

எட்டு வயதுப் பையன். மாநிலப் போட்டியில் ஒரு பிஷப்பைக் கொடுத்து வெறும் சிப்பாய் ஒன்றை வாங்கினான். பயிற்சியாளர்களுக்குத் திக்கென்றது, பையன் பிசகிவிட்டான் என்றே நினைத்தார்கள். அதைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது, பையன் செய்தது சரி என்றது கணினி. சில நகர்வுகள் தள்ளித்தான் அதன் பலன் தெரியும்.

பெயர் டானி அடேவுமி. 2019 மார்ச்சில் நியூயார்க் மாநில செஸ் போட்டியில், மூன்றாம் வகுப்பு வரையிலான பிரிவில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் முதலிடம் பிடித்தான். அப்போது அவனுக்கு வீடு கிடையாது. போகோ ஹராம் தீவிரவாதிகளுக்குப் பயந்து 2017இல் நைஜீரியாவை விட்டு வந்த குடும்பம், மன்ஹாட்டனில் வீடற்றோர் விடுதியில் ஒண்டியிருந்தது. அப்பா வாடகைக்குக் கார் எடுத்து ஓட்டினார். மாலையானால் விடுதித் தரையில் படுத்தபடியே பலகையோடு மல்லுக்கட்டுவான் டானி.

அவன் வாங்கிய கோப்பையைவிட, அவன் அம்மா எழுதிய ஒரு மின்னஞ்சல்தான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. மகன் பள்ளியின் செஸ் குழுவில் சேர ஆசைப்படுகிறான், கட்டணம் கட்ட வழியில்லை என்று எழுதினார். பயிற்சியை நடத்திய ரஸ்ஸல் மகோஃப்ஸ்கி 330 டாலரையும் தள்ளுபடி செய்தார். அவர் முடியாது என்றிருந்தால் டானி யாரென்றே உலகுக்குத் தெரிந்திருக்காது. செய்தி பரவியதும் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை குவிந்தது. குடும்பம் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குத் தந்துவிட்டு, மீதியை அகதிகளுக்கு உதவும் அறக்கட்டளைக்கு ஒதுக்கியது. 2021இல், பத்து வயதில், டானி அமெரிக்காவின் தேசிய மாஸ்டர் ஆனான்.

அவனுடைய பயிற்சியாளர் ஷான் மார்டினெஸ், 2024 ஏப்ரலில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் டுண்டே ஒனகோயாவோடு 60 மணி நேரம் செஸ் ஆடினார். ஆப்பிரிக்கக் குழந்தைகளின் படிப்புக்கு நிதி திரட்டிய ஆட்டம் அது. ஒனகோயா, லாகோஸ் சேரியில் ஒரு முடிதிருத்தும் கடையில் செஸ் கற்றவர்.

நம் பக்கமும் செஸ் மோகத்துக்குக் குறைவில்லை. மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்காக 2022இல் சென்னை நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் பூசினோம். 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். ஆனால் நம் மந்தாரக்குப்பத்தில் என்.எல்.சி. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து இடம்பெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒப்பந்த வேலைக்காக வடக்கிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மாதாமாதம் பணம் கட்டி செஸ் வகுப்புக்குப் போவது இவர்களில் பலருக்கு எட்டாத காரியம். கட்டணம் மட்டும்தான் தடை; வடக்கிலிருந்து வந்த பிள்ளைக்கும் காய் நகர்த்த பாஷை தேவையில்லை.

பேருந்து நிலையத்துப் பக்கம் நிழலான இடத்தில் நாலு மேசை, நாலு பலகை, மாலையில் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் போதும். பேரூராட்சியும் என்.எல்.சி.யும் மனம் வைத்தால் ஆகாததில்லை. ஓய்வுபெற்ற ஊழியர்களில் செஸ் தெரிந்தவர்கள் தயவுசெய்து முன்வாருங்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கற்றுக்கொடுங்கள்.